நடந்து பார்த்தவர்

(பட்டிமன்றத் தலைப்பு: ஒரு சமயம் நிலைக்கத் தேவை வாழ்ந்த தலைவரா? வாழும் கருத்தா? ‘வாழ்ந்த தலைவரே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியிலே பேசி முடித்து இப்போதுதான் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற பேராசிரியை அவர்களே, அவருக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்திருக்கிற தம்பி அவர்களே, என் அணி நண்பர்களே, அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே தட்டோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற அன்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

அம்மையார் ஒரு மாம்பழம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். “பழம் இனிக்கிறதா என்று பாருங்கள், மரம் வைத்தவன் யார் என்று ஏன் கேட்கிறீர்கள்?” என்றார்கள். நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். மாம்பழத்துக்கு அது சரிங்க. மருந்துக்குச் சரியா?

ஒருத்தர் வந்து, “ஐயா, இந்தச் சூரணம் தீராத நோயெல்லாம் தீர்க்கும்” என்கிறார். நான் கேட்கிறேன், “சாப்பிட்டுக் குணமானவங்க யாராவது இருக்காங்களா?” அவர் சொல்கிறார், “அதெல்லாம் கேக்காதீங்க சார், சூரணத்தோட கருத்து ரொம்ப நல்ல கருத்து!” (சிரிப்பு) வாங்குவீங்களா? வாங்கமாட்டீங்க. அவர் மருந்து சாப்பிட்டு எழுந்து நடந்த ஒரு மனுஷனையாவது காட்டணும்.

அம்மையார் அடுத்ததாக வள்ளுவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். “வள்ளுவர் பிறந்த ஊர் எது? தெரியாது. பெற்றோர் யார்? தெரியாது. குறள் நிற்கிறதே!” என்றார்கள். முப்பது ஆண்டாகக் குறள் நடத்துகிறவன் நான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வள்ளுவர் எந்த இடத்திலாவது, “நான் ஒரு வழியைக் கண்டேன், நானே அதில் நடந்து கரை சேர்ந்தேன், என் பின்னால் வா” என்று சொல்கிறாரா? சொல்லவில்லை. நட்பைப் பற்றிய குறள் நட்பை வைத்தே நிற்கும். கணக்குப் போலத்தான். எழுதியவர் யாராக இருந்தாலும் விடை மாறாது. அதனால் குறளுக்கு ஆசிரியர் வரலாறு தேவையில்லை. குறள் ஒரு மதத்தை நிறுவ வந்த நூலும் இல்லை. அம்மையார் அறநூலைக் கொண்டுவந்து சமயத்தின் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சைவத்தைச் சொன்னார்கள். சைவத்துக்கு நிறுவனர் இல்லை. இறைவன் பிறக்காதவன். பிறக்காதவனுக்குப் பிறந்த தேதி கேட்க முடியுமா? முடியாது. இங்கே அம்மையார் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் பாதிதான். ஏனென்றால் 12ஆம் நூற்றாண்டிலே, சோழர் அரசவையில் பெரிய பதவியில் இருந்த சேக்கிழார் உட்கார்ந்து என்ன செய்தார்? ஊர் ஊராக ஆள் தேடினார். தில்லையிலே ஒரு குயவர். காஞ்சியிலே ஒரு வண்ணார். நாகையிலே ஒரு மீனவர். ஒற்றியூரிலே ஒரு செக்கார். ஊர் என்ன, தொழில் என்ன என்று எழுதி எழுதிச் சேர்த்தார். சிவன் பெருங்கருணை உள்ளவன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே! ஏன் போகவில்லை? அந்தக் கருணை ஒரு செக்காரர் ஏற்றும் கோயில் விளக்குக்கு எண்ணெய் இல்லாத அன்றைக்கும் வந்தது என்று காட்டவேண்டியிருந்தது. தெய்வம் பிறக்க வேண்டாம் ஐயா. அடியார் பிறந்தே ஆகவேண்டும்! (கைதட்டல்)

சரி, நிறுவனர் உள்ள சமயத்துக்கு வருவோம். நான் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். புத்தர்.

புத்தர் வாழ்ந்தாரா என்று இன்றைக்குக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை சிரிக்கும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பெரிய பெரிய அறிஞர்களே கேட்டார்கள். புத்த மதம் தான் பிறந்த மண்ணிலேயே ஏறக்குறைய இல்லாமல் போயிருந்த நேரம் அது. சிலையிலே சுருட்டை முடியைப் பார்த்துவிட்டு, இவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவராக இருக்கலாம் என்று எண்ணியவர்கள்கூட உண்டு. பிரெஞ்சு அறிஞர் செனார், 1870களிலே புத்தர் கதையை எடுத்துக்கொண்டு, இது சூரியனைப் பற்றிய கதை என்று ஒரு நூலே எழுதினார். டச்சுக்காரர் கெர்ன் இன்னும் ஒரு படி மேலே போய் நட்சத்திரங்களையும் சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நாள் விட்டிருந்தால் புத்தரைப் பஞ்சாங்கத்துக்குள்ளேயே அனுப்பியிருப்பார்கள்! (சிரிப்பு)

அப்போது 1896 டிசம்பர். நேபாளத் தராய்க் காட்டிலே, லும்பினியிலே, ஓர் அசோகர் தூண். மண்ணை விலக்கிப் பார்த்தால் பிராமி எழுத்து. என்ன எழுதியிருக்கிறது? அசோகர் பட்டம் சூடி 20 ஆண்டு ஆனபின் தானே நேரில் வந்து வணங்கினார். சாக்கியமுனி இங்கே பிறந்தார். அதனால் லும்பினி கிராமத்துக்கு வரி நீக்கம், விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். பாருங்க, நம்ம நாட்டுல ஓர் அரசாங்கம் வரியைக் குறைச்சிருக்குன்னா அதுக்கு அழுத்தமான காரணம் இருந்தே ஆகணும்! (சிரிப்பு, கைதட்டல்)

கொஞ்சம் பொறுங்கள். எதிரணித் தம்பி எழுந்து, “அசோகர் புத்தருக்கு எத்தனையோ தலைமுறை பின்னால் வந்தவர், அவர் தூண் நட்டதால் புத்தர் பிறந்ததாகிவிடுமா?” என்று கேட்பார். கேட்கட்டும், நல்ல கேள்வி. ஆகாது. இங்கேதான் பிறந்தார் என்று அந்தக் காலத்து மக்கள் நம்பினார்கள் என்பதற்குத்தான் அந்தத் தூண் சாட்சி. புத்தர் மறைந்தது கி.மு. 544 என்று இலங்கை மரபு சொல்கிறது. 483 என்றார்கள் முந்தைய ஆய்வாளர்கள். 400ஐ ஒட்டி என்கிறார்கள் இப்போது பலர். 2013இல் இன்னொரு செய்தி வந்தது. லும்பினியில் மாயாதேவி கோயிலுக்கு அடியில் தோண்டியபோது, செங்கல் கட்டடத்துக்கும் கீழே மரத்தூண் நட்ட குழிகள், கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றார்கள். அது புத்தருக்காகத்தான் எழுந்ததா, அதற்கு முன்பே மரத்தை வணங்கிய இடமா என்று மற்ற அறிஞர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்கவேண்டியதுதான்.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். லும்பினித் தூணை அடையாளம் கண்டவர்களில் ஒருவர் ஃபியூரர் என்ற ஜெர்மானியர், தொல்லியல் துறைக்காரர். ஓராண்டுக்குச் சற்று மேல் ஆனபோது என்ன நடந்தது தெரியுமா? 1898 ஜனவரியிலே, பக்கத்திலேயே இந்திய எல்லைக்குள் பிப்ரஹ்வாவிலே, பெப்பே என்ற ஆங்கிலேய நில நிர்வாகி ஒரு தூபியைத் திறந்தார். பெரிய கல்பேழை. உள்ளே சிமிழ்கள், எலும்புத் துண்டுகள், மணிகள், பொன் இழைகள். ஒரு சிமிழில் பிராமி எழுத்து. சாக்கியர்களின் புத்தருடைய எச்சம் என்று பலர் படித்தார்கள். இல்லை, புத்தரின் உறவினர்களான சாக்கியர்களின் எச்சம் என்று படித்தவர்களும் உண்டு. அதே நேரத்திலே நம்ம ஃபியூரர், ஒரு பர்மியத் துறவிக்குப் ‘புத்தரின் எச்சங்கள்’ அனுப்பிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. அதிலே ஒரு பல். புத்தருடைய பல்! பார்த்தால் குதிரைப் பல். (பலத்த சிரிப்பு) வேலை போயிற்று.

இதை ஏன் சொல்கிறேன்? இது என் அணிக்கு எதிரான சாட்சிதானே என்று நடுவர் நினைக்கலாம். இல்லை ஐயா. கள்ளநோட்டு எதற்கு அடிப்பான்? நல்ல நோட்டுக்கு மதிப்பு இருப்பதால் அடிப்பான். ‘வாழும் கருத்து’ மட்டும் போதும் என்றால், அந்தப் பர்மியத் துறவிக்குப் பல் எதற்கு? கருத்துதான் திரிபிடகத்தில் முழுசாக இருக்கிறதே! அவருக்கு இன்னொன்று வேண்டியிருந்தது. இந்த மண்ணில் ஒருவர் மென்றார், பேசினார், சிரித்தார் என்பதற்கு ஒரு துண்டு அடையாளம். பிப்ரஹ்வா எலும்புகளைச் சயாம் மன்னருக்குக் கொடுத்தார்கள். மணிகளில் ஒரு பங்கு பெப்பே குடும்பத்தில் தங்கியது. அதை 2025 மே மாதம் ஹாங்காங்கிலே ஏலம் விடப்போகிறார்கள் என்றவுடன் எத்தனை நாட்டுப் பௌத்தர்கள் கொதித்தார்கள்! இந்திய அரசு நோட்டீஸ் விட்டது, ஏலம் நின்றது, ஜூலையில் மணிகள் திரும்பி வந்தன. கருத்தை யாரும் ஏலம் விட முடியாது என்பது உண்மைதான். ஆனால் கருத்துக்காக மட்டும் அந்தக் கண்ணீர் வரவில்லை.

உடனே அம்மையார், “அப்படியானால் எந்த இடத்தில் பிறந்தார் என்று சண்டை வருமே, அது நல்லதா?” என்பார்கள். சண்டை வரும். கபிலவஸ்து எங்கள் திலௌராகோட் என்கிறது நேபாளம். எங்கள் பிப்ரஹ்வா என்று சொல்வோர் இந்தியாவில் உண்டு. நான் வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறேனே தவிர, வாழ்ந்த இடத்துக்குப் பட்டா கேட்கவில்லை. பட்டா கேட்பது வேறு வியாபாரம்.

இப்போது தூணையும் எலும்பையும் ஓரமாக வைத்துவிட்டு, நூலுக்கு வருகிறேன். நூல்தானே நம் தொழில். பாலி நூல்களிலே புத்தருக்கு முதுகுவலி வருகிறது. பேசிக்கொண்டிருக்கிறார், முதுகு வலிக்கிறது, கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன், மீதியை நீ சொல்லு என்று சீடரிடம் விட்டுவிட்டுப் படுக்கிறார். எண்பது வயதிலே தம் உடம்பை, கட்டுப்போட்டு ஓட்டுகிற பழைய வண்டியோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். தேவதத்தன் என்ற சொந்த உறவினரே சங்கத்தை உடைக்கிறான். பெண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தயங்குகிறார். ஆனந்தர் திரும்பத் திரும்பக் கெஞ்சவேண்டியிருக்கிறது. நான் கேட்கிறேன், தலைவரைக் கற்பனையாகப் படைக்கிறவன் அவருக்கு முதுகுவலி வைப்பானா? சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள், கதாநாயகனுக்கு இடுப்புப் பிடிப்பு வைத்து ஒரு காட்சி எழுதினால் தயாரிப்பாளர் விடுவாரா? (சிரிப்பு) பிறந்தவுடன் ஏழடி நடந்தார் என்பது பின்னால் வந்த பூச்சு. முதுகுவலி பூச்சு இல்லை. யாரோ பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சொந்தச் செய்தி. மன்னிக்கவேண்டும். நானும் ஒருகாலத்தில் அம்மையார் அணிதான். வகுப்பிலே மணிமேகலை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, புத்தர் நிஜமாவே இருந்தாரா?” என்றான். நான் பெரிய மேதாவி மாதிரி, “தம்பி, இருந்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை, கருத்துதான் முக்கியம்” என்றேன். அவன் உட்காரவில்லை. கோலார் தங்கவயல் பக்கத்துப் பையன். அவன் சொன்னான்: “ஐயா, எங்க கொள்ளுத்தாத்தா சுரங்கத்துல வேலை பார்த்தவர். அந்தக் காலத்துலேயே பௌத்தர் ஆனவர். அவர் கருத்தைப் பார்த்து மாறலீங்க. ஒரு ஆளைப் பார்த்து மாறினார்.”

எனக்கு அன்றைக்குப் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படித்தேன். பெப்பே கல்பேழையைத் திறந்த அதே 1898ஆம் ஆண்டிலே, இங்கே சென்னையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். அதன் கிளை கோலார் தங்கவயல் மாரிக்குப்பம் வரை போயிற்று. அவர் ‘புத்தரது ஆதிவேதம்’ எழுதியபோது தத்துவத்தை மட்டும் எழுதி நிறுத்தவில்லை. புத்தரின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து எழுதினார். ஏன்? நீ தாழ்ந்தவன் என்று ஆயிரம் கதை சொல்லப்பட்ட ஒருவனுக்கு இன்னொரு கதை போதாது. அவனிடம், “இதுவும் ஒரு கதை, ஆனால் நல்ல கதை” என்று சொன்னால் அவன் சிரிக்கமாட்டானா? அவனுக்கு வேண்டியது நடந்தது. உன் பிறப்பைக் கேட்காத ஒருவர் நடந்துபோனார் என்ற செய்தி.

அண்ணல் அம்பேத்கர் இதை இன்னும் கறாராகச் செய்தார். 1956 அக்டோபர் 14, நாகபுரி. லட்சக்கணக்கான மக்கள். 22 உறுதிமொழிகள் எடுக்கச் சொன்னார். அதிலே ஒன்று, புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்று நம்பமாட்டேன் என்பது. நடுவர் அவர்களே, இந்த ஒரு உறுதிமொழியை எங்கள் அணியின் ஆவணமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வரலாற்று மனிதரைக் கருத்தாக்கிவிட்டால் என்ன ஆகும் என்று அம்பேத்கருக்குத் தெரியும். கருத்துக்கு ஊர் இல்லை, தேதி இல்லை, தடுக்க ஆள் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். வாழ்ந்த மனிதர் என்றால் அவர் சொன்னது ஒன்று, சொல்லாதது ஒன்று; அவர் ஏற்றது ஒன்று, மறுத்தது ஒன்று. மறுத்ததை அவர் வாயில் திணிக்க முடியாது.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் தம்பி சொல்லிவிடுவார். ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலிலே அம்பேத்கர் பழைய கதையை மாற்றினார். கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் துறவியையும் கண்டு புத்தர் துறந்தார் என்பதை அவர் ஏற்கவில்லை. 29 வயதுவரை ஒருவன் கிழவனையே பார்க்காமல் இருப்பானா என்று கேட்டார். சரிதானே! அரண்மனையில் அப்பாவே கிழவர்தானே! (சிரிப்பு) அதற்குப் பதிலாக, ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போருக்கு நின்றதை வைத்து, போர் வேண்டாம் என்றதால் வெளியேறினார் என்று எழுதினார். அந்த ஆற்றுத் தகராறும் பழைய உரைகளில் வருகிற கதைதான். அங்கே ஞானம் பெற்ற பிறகு புத்தர் வந்து சண்டையைத் தீர்க்கிறார். ஆக, அம்பேத்கர் சொன்னது நிரூபிக்கப்பட்ட வரலாறு என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் அவர் எந்தத் திசையில் மாற்றினார் என்று பாருங்கள். தண்ணீர்த் தகராறு! நமக்குத் தெரியாத தகராறா? ஒரு மனிதன் வீட்டைவிட்டுப் போகக்கூடிய காரணத்தைத் தேடினார்.

எதிரணியின் பலமான சாட்சி ஜப்பான். அதை அவர்கள் கையில் எடுக்கும் முன் நானே எடுத்துவிடுகிறேன். அங்கே ஒரு பெரிய பௌத்தப் பிரிவு, அமிதாப புத்தரின் பெயரை நம்பிச் சொன்னால் போதும் என்கிறது. அமிதாபர் வரலாற்று மனிதர் இல்லை. அதைப் பரப்பியவர் 13ஆம் நூற்றாண்டில் ஷின்ரான். அவர் காலத்து அரசாங்கக் குறிப்புகளிலே அவர் பெயரே தட்டுப்படவில்லை என்று சொல்லி, நவீன காலத்திலே ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர், ஷின்ரான் என்று ஒருவர் இருந்தாரா என்றே கேட்டார்கள். 1921இல் கியோட்டோ மடத்தின் ஏட்டுக் களஞ்சியத்திலிருந்து ஒரு கட்டுக் கடிதம் வெளியே வந்தது. எழுதியவர் யார்? அவர் மனைவி எஷின்னி. கிராமத்திலிருந்து கியோட்டோவில் இருந்த மகளுக்கு எழுதியவை.

தாய்மார்கள் கவனிக்கவேண்டும். உலகத்திலே கணவன் இருந்ததற்கு மனைவியைவிடச் சாட்சி வேண்டுமா? (கைதட்டல்) பஞ்சத்தைப் பற்றி எழுதுகிறார், வேலையாட்களைப் பற்றி எழுதுகிறார், துணிமணி பற்றி எழுதுகிறார். நடுவிலே, உங்க அப்பாவுக்கு ஒருமுறை கடுமையான காய்ச்சல். காய்ச்சல் மயக்கத்திலே சூத்திரத்தை மனசுக்குள் படித்துக்கொண்டே இருந்தார். பிறகு, நம்பிக்கை போதும் என்று ஊருக்குச் சொல்கிற எனக்கே இன்னும் படித்துப் புண்ணியம் சேர்க்கிற ஆசை போகவில்லையே என்று தம்மையே கேட்டுக்கொண்டார் என்று எழுதுகிறார். இன்னொன்று. கணவர் கருணை வடிவான போதிசத்துவர்தான் என்று அந்த அம்மாவுக்கு ஒரு கனவு வந்திருக்கிறது. அதை மகளுக்கு எழுதினார். கணவர் உயிரோடு இருந்தவரை அவரிடம் சொல்லவே இல்லை! (நீண்ட சிரிப்பு) சொல்லியிருந்தால் அன்றைக்குக் கிணற்றில் தண்ணீர் யார் எடுப்பது?

அமிதாபர் வரலாறு இல்லாமலே நிற்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஷின்ரான் என்ற நிறுவனர் இருந்தார் என்று தெரிந்ததும் அந்தக் கடிதங்களை மொழிபெயர்த்து, உரை எழுதி இன்றைக்கும் படிக்கிறார்களே, ஏன்? நம்பிக்கை போதும் என்ற கருத்து நூலில் இருந்தது. அந்த நம்பிக்கையோடு ஒரு மனிதர் காய்ச்சலில் தடுமாறினார் என்பது கடிதத்தில்தான் இருந்தது.

காந்தியடிகளைத் தம்பி சொல்லப்போகிறார் என்று கையிலிருக்கிற புத்தகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இயேசு வாழவே இல்லை என்று நிறுவப்பட்டாலும் மலைப்பொழிவு எனக்கு உண்மையே என்ற கருத்துடையவர் காந்தி. விவேகானந்தரும் 1897இல் சென்னையிலே பேசும்போது, ஆளை நம்பிய மதங்கள் அந்த ஆளின் வரலாறு ஆட்டம் கண்டால் ஆடிப்போகும், நம்முடையது கொள்கையின்மேல் நிற்பது என்றார். இரண்டு பேரையும் வணங்குகிறேன். அது துணிச்சலான பேச்சு. ஆனால் காந்தியைப் பற்றி ஐன்ஸ்டைன் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இப்படி ஒருவர் இரத்தமும் சதையுமாக நடமாடினார் என்பதை வருங்காலம் நம்பச் சிரமப்படும் என்றார். நல்ல கருத்துகள் சொன்னார் என்று புகழவில்லை. நடமாடினார் என்றுதான் புகழ்ந்தார். அகிம்சை காந்திக்கு முன்பே ஏட்டில் இருந்தது. தண்டிக்கு நடந்த கால்கள் ஏட்டில் இல்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்… அடித்தும் விட்டார். ஒரு நிமிடம் ஐயா, சுந்தனை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

புத்தர் கடைசியாகச் சாப்பிட்டது சுந்தன் என்ற கொல்லர் வீட்டில். அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இரத்தப்போக்கு, கடும் வலி. அந்த நிலையிலே படுத்துக்கொண்டு ஆனந்தரைக் கூப்பிடுகிறார். “நீ போட்ட சோற்றால்தான் அவர் செத்தார்” என்று நாளைக்கு ஊர் சுந்தனைச் சொல்லும், அவன் மனசு உடைந்துபோகும். நீ போய், புத்தருக்குக் கடைசி உணவு கொடுத்தது பெரிய புண்ணியம் என்று அவனிடம் சொல்லு என்கிறார். தம்பி அவர்களே, உங்கள் முறை வரும்போது எனக்கு இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வயிற்று வலியில் கிடந்துகொண்டு, சமைத்துப் போட்டவனைப் பற்றிக் கவலைப்பட்ட அந்தக் கிழவர் கற்பனை என்றால், கற்பனை செய்தவன் யார்? அவன் பெயரைச் சொல்லுங்கள், நான் அவனை வணங்கிவிட்டு உங்கள் அணிக்கு வந்துவிடுகிறேன்.

(கைதட்டல்)